அளத்தில் நின்று பேசுவோம்

பிரம்மதேசம் வட்டார மக்களின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் பிரம்மதேசத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். எங்களில் மணிலாக்கடலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து கிழக்கே மரக்காணம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கட்டட வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை ராத்திரி ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று நாங்கள் ஓர் இயக்கம் தொடங்குகிறோம்.

அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. லெட்டர்பேடும் கொடியும் அச்சடித்து முடித்த பிறகு கொள்கையைத் தேடுகிற வழக்கம் நம் பக்கத்தில் அதிகம். எதற்காகக் கூடினோம், எதை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கமாட்டோம் என்று முதலில் எழுதி வைக்கிறோம். ஓராண்டு இதன்படி நடந்து காட்டியபின் பெயர் வைப்பதா என்று கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

பிரச்சினையை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் நழுவிப் போகிற பழக்கம் எங்கள் வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. அதை அளத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். மரக்காணம் உப்பளங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர். அதில் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம், குத்தகைக்கு விடப்படுவது. உப்பு என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் 58ஆம் இனம். அதற்குப் பொறுப்பான உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ராஜஸ்தானில், ஜெய்ப்பூரில் இருக்கிறது. ஆனால் உப்பு வாருகிறவளின் ரேஷன் கார்டு மாநில அரசுடையது, அவள் குடிக்கிற தண்ணீர் ஊராட்சியுடையது, அவள் கூலி குத்தகைதாரர் கையில். அளத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நிலம் எங்களுடையதல்ல என்று ஒருவர் சொல்வார், நிதி எங்களிடம் இல்லை என்று இன்னொருவர் சொல்வார், குத்தகை முடியப்போகிறது என்று மூன்றாமவர் சொல்வார். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். அதனால்தான் கழிப்பறை வருவதில்லை.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வருவதோடு நாமும் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அந்த ரசீதுகளை அடுக்கினால் ஒரு பெட்டி நிறையும். மனு கொடுப்பது தவறில்லை, இந்த இயக்கமும் மனு கொடுக்கும். ஆனால் மனுவில் எழுதியிருப்பதைக் குத்தகைதாரரிடம் முகத்துக்கு நேரே சொல்ல யாரும் போவதில்லை. அவர் நம் ஊர்க்காரர், கல்யாணத்துக்கு மொய் வைப்பவர், அவசரத்துக்குக் கடன் தருபவர். ஜெய்ப்பூரைத் திட்டுவது அதைவிடச் சுலபம்.

அளத்தின் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜனவரிக்கு மேல் பாத்திகளைச் செதுக்கி, சேறு மிதித்து, தரையை இறுக்குவார்கள். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் காய வைப்பார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியில் வரும். அது 24, 25 டிகிரிக்கு ஏறும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் கலந்து உப்பு கசந்துபோகும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். பலகையால் இழுத்து வரப்போரம் சேர்த்த உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து போய் அம்பாரமாகக் குவிப்பார்கள். பாத்தியின் வெள்ளை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பாதம் வெடிக்கும், கண் கூசும், அந்த வெடிப்பில் உப்புநீர் இறங்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் நின்றுபோகும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர், உடம்பு தாங்கக்கூடியது என்று வகுக்கப்பட்ட வெப்ப வரம்பை மீறிய சூட்டில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வு இல்லாமலே எங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். ஆக, கழிப்பறை பற்றிய பேச்சு உண்மையில் சிறுநீரகத்தைப் பற்றிய பேச்சு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல காலம் ஓட்டிவிட்டோம். இனிக் கூச்சப்படமாட்டோம்.

மழைக்கால மூன்று மாதத்துக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு 2022 முதல் கொடுத்து வருகிறது. அதை வரவேற்கிறோம், வாங்கிக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் ஒரு நாளைக்கு என்ன என்று கணக்குப் போடுவது அவரவர் பாடு. பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் அந்தப் பணம் வரும். பெயர் விட்டுப்போனவரைத் தேடிப் போய்ச் சேர்க்கும் வேலையை யாருக்காகவும் காத்திராமல் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

உப்பை வைத்து ஒரு பிரச்சினையை நேராகச் சந்தித்த வரலாறு இந்தக் கரைக்கு உண்டு, கொஞ்சம் தெற்கே. 1930இல் காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தபோது காங்கிரசுக்குள்ளேயே பலருக்கு அது அற்பமாகத் தோன்றியது. சுயராஜ்யம் எங்கே, உப்பு எங்கே என்றார்கள். ஆனால் கஞ்சி குடிக்கிறவனுக்கும் வரி உறைத்த இடம் அதுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 13, சித்திரை பிறந்த நாளில், ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார்: நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை. தொண்டர்களைத் தொடாமல் சோற்றைத் தொட்ட உத்தரவு. ஊர்மக்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார்.

நாங்கள் அதைவிட அதிகம் நினைத்துப் பார்ப்பது வேதாரண்யத்தில் முடிவெட்டும் தொழில் செய்த வைரப்பனை. சத்தியாக்கிரகிகளை அடித்த போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார், அதற்காகச் சிறை போனார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். மேடை, மாலை, பின்னால் நடக்கத் தொண்டர்கள் எதுவும் அவரிடம் இல்லை. தன் தொழிலுக்குள், தன் கைக்கு எட்டிய இடத்தில், ஒரே ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். இந்த இயக்கத்தில் தலைமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நூறு பேரை நடத்திச் செல்கிறவரும் தலைவர்தான், ஆனால் எங்களுக்கு வைரப்பன் அளவு போதும், அப்படி ஊருக்கு நாலு பேர் கிடைத்தால்.

ராஜாஜியின் பெயரைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1953இல் அவர் கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களில் நிறையப் பேர். அந்த எதிர்ப்பு சரி என்றே நினைக்கிறோம். 1930இல் செய்தது சரி, 1953இல் செய்தது தவறு என்று ஒரே மூச்சில் சொல்ல எங்களால் முடிகிறது. இந்த இயக்கத்தின் அலுவலகத்தில் எந்தத் தலைவர் படமும் மாட்டப்படாது. எங்கள் செயலாளர் நாளைக்கு ஒரு தவறு செய்தால் அவரிடமும் இதே மாதிரி பேசுவோம்.

அடுத்த பாடம் வேதாரண்யத்துக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின் அந்த வட்டாரத்துக்குப் போய்த் தங்கியவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விற்கச் சம்மதிப்பவரிடம் பேசி, வங்கியில் கடன் ஏற்பாடு செய்து, கூலிப் பெண்களின் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். நிலவுடைமையாளரின் வீட்டு வாசல் வரை போய்ப் பேசினார்கள். கொலை நடந்த மண்ணில் அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1990களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் வந்தன. வயலில் உப்பு ஏறியது, கிணறு கெட்டது. எண்பதை எட்டிய வயதில் ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார், உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் பாரம்பரிய முறையல்லாத இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும். முழு வெற்றி. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி அந்த வெற்றியின் பல்லைப் பிடுங்கியது. தீர்ப்பை வாங்கிச் சட்டகம் போட்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து மனப்பாடம் செய்யட்டும்.

இப்போது எங்கள் கழுவேலிக்கு வருகிறோம். பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர்ச் சதுப்பு இது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேருகிற கடைசிப் பள்ளம் அதுதான். நிலத்தடி நீரில் கடல் ஏறிவிடாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு, வலசை வரும் பறவைகளுக்கு வீடும் அதுதான். எனவே கழுவேலியை ஆக்கிரமிக்கும் எந்த இறால் குட்டையையும் எதிர்ப்போம், அது யாருடையதாக இருந்தாலும். இந்தக் கடைசிச் சொற்களை எழுத எங்களுக்கு நேரமானது. இறால் குட்டையில் காவலுக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றும் பேசாமல் கலெக்டருக்கு மனு எழுதுவது கோழைத்தனம். அவர்களை உட்கார வைத்து, மாற்று வேலை என்ன என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேடுவோம். கழுவேலியில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிப்பவர்களைப் பறவையின் பெயரால் துரத்தினால், அதையும் அதே குரலில் எதிர்ப்போம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பிரகடனத்தை முடித்துவிடலாம் என்று யோசனை வந்தது. ஒற்றுமை கெட்டுவிடும், தொடக்கத்திலேயே வேண்டாம் என்றார்கள். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் சாதி மோதலில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இரு தெருவிலும் அதை மறந்தவர் யாருமில்லை, எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பேசியவரும் அதிகமில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போனது தகராறாகி, 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அமைதி திரும்பியது என்றார்கள். பூட்டுக்கு வெளியே எல்லாரும் சமம் என்பது ஒரு வகை அமைதிதான். நீதிமன்றம் தலையிட்டு, 2025இல் அவர்கள் உள்ளே போய் வழிபட்டபோதுதான் பிரச்சினை இருந்த இடத்துக்கே ஆட்கள் போனார்கள்.

ஆகவே இதை மழுப்பாமல் எழுதுகிறோம். இயக்கத்தின் கூட்டம் ஒரு மாதம் காலனியில் நடக்கும், மறுமாதம் ஊர்த்தெருவில் நடக்கும். எங்கு நடந்தாலும் அங்கே சமைத்த சோற்றை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காலனிக் கூட்டத்துக்கு மட்டும் தொடர்ந்து உடம்பு சரியில்லாமல் போகிற உறுப்பினர் யாராக இருந்தாலும் அவருக்கு இங்கே இடமில்லை. இதனால் ஆள் குறைந்தால் குறையட்டும்.

குடியும் அப்படியே. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வலி மறக்கக் குடித்தவர்கள். அதிகாரிகள் இடைநீக்கம், நிவாரணம், கைது எல்லாம் நடந்தன. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அதைவிடப் பல மடங்கு பேர் இறந்தார்கள். சாராயம் எங்கே விற்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்றால், தெரியாததுபோல் இருப்பது போலீஸ் மட்டுமல்ல, நாமும்தான். விற்பவன் மாமன் மச்சான் என்பதால் வாய் மூடுகிறோம். இனி விற்பவன் வீட்டுக்கு முதலில் நாங்களே போவோம், பகலில், நாலு பேராக, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் பேசுவோம். கேட்கவில்லை என்றால் பெயரோடு எழுத்தில் புகார் கொடுப்போம், கையெழுத்துப் போட்டு. மொட்டைக் கடிதம் எழுதுவதில்லை.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். சம வேலைக்குச் சம கூலி என்று 1976இல் சட்டம் வந்தது. அளத்தில் போராடுவதற்கு முன்னால், எங்கள் சொந்த மணிலாக் காட்டில் களை எடுக்கும் பெண்ணுக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்பதைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். நிலம் வைத்திருக்கிற சில அண்ணன்மாருக்கு இது பிடிக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வந்தால் வரவேற்போம், விதியைத் தளர்த்தமாட்டோம்.

சரி, இதற்கெல்லாம் தலைமை எப்படி இருக்கும்? அளத்தில் மேஸ்திரிக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் டிகிரி பார்க்கிற கருவியை நீரில் விட்டுத்தான் பேசுவார். அது 22 காட்டினால், அவர் கோபப்பட்டாலும் அது 22தான். எங்களுக்கும் அப்படி நாலைந்து அளவுகள் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம். செயலாளர் ஒரு முடிவெடுத்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்து, தம்பி, இது நாம் எழுதி வைத்ததில் எதுக்குள்ள வருது என்று கேட்கலாம். பதில் சொல்ல முடியவில்லை என்றால் முடிவு ரத்து. பெரும்பான்மை ஓட்டு கிடைத்தாலும் ரத்து. வேலை நேரம், யாரிடம் முதலில் பேசுவது என்ற உத்திகளை ஓட்டெடுப்பில் மாற்றலாம். சேர்ந்து உண்பது, பெண்ணுக்குச் சம கூலி, முகத்துக்கு நேரே பேசுவது, கணக்கைத் திறந்து வைப்பது ஆகிய நான்கும் ஓட்டுக்கு வராது.

எல்லாக் கட்சியிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். தேர்தல் வந்தால் அவரவர் கட்சிக்கு அவரவர் வேலை செய்யட்டும். ஆனால் இயக்கத்தின் பொறுப்பில் இருக்கிறவர் எந்த வேட்பாளரின் மேடையிலும் இயக்கத்தின் சார்பாக ஏறக்கூடாது. பொறுப்பு இரண்டு ஆண்டு, அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. நல்லவர் என்பதற்காகவும் கிடையாது. நல்லவரை நிரந்தரமாக்கியே பல சங்கங்கள் செத்தன. செயலாளர், பொருளாளர் இருவரில் ஒருவர் கட்டாயம் பெண், இருவரில் ஒருவர் கட்டாயம் அளத்தில் வேலை செய்கிறவர்.

சந்தா வருடத்துக்கு இருபது ரூபாய். அதற்குமேல் யார் கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரும் தொகையும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில் மாதாமாதம் எழுதப்படும். குத்தகைதாரர், இறால் பண்ணை முதலாளி, சாராயத்தோடு தொடர்புள்ளவர் ஆகியோரிடம் கோயில் திருவிழாவுக்குக்கூட இயக்கத்தின் பெயரில் பணம் வாங்குவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தொட்ட மழை. அளம் முழுக்கத் தண்ணீர். அப்போது கணுக்கால் சேற்றில் நின்று அண்டை வீட்டுச் சாமான்களைத் தூக்கியவர்கள் யாரும் உங்கள் தெரு எது என்று கேட்கவில்லை. அந்த ஒரு வாரம் நடந்ததை வைத்து நம் மக்கள் தங்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணப் பட்டியலில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்ததையும் எழுதியாக வேண்டும். இரண்டும் நாம்தான்.

முதல் ஆண்டு வேலைகளை மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். அளத்துக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் மழைக்கால நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போனவர்களைக் கையோடு அழைத்துப் போய்ச் சேர்ப்பது. குத்தகைதாரர்களை அளத்திலேயே, உப்பு வாருகிறவர்கள் முன்னிலையில் சந்தித்து, நிழலும் குடிநீரும் கழிப்பறையும் எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குவது. தேதி தவறினால் உப்புத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்பி, பதில் வரும்வரை வாரம் ஒருமுறை நேரில் போவது. சிறுநீரகப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அளத்துக்கே வரச் சொல்லிக் கேட்பது மூன்றாவது. நாலாவது வேலையை யாராவது முன்மொழிந்தால், இந்த மூன்றில் எது முடிந்தது என்று முதலில் கேட்போம்.

உறுப்பினராக வருகிறவர் இந்தத் தாளை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் நிறுத்தி வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்தவர் பெயரும் கீழே இருக்க வேண்டும். முதல் கூட்டம் காலனியில், அளத்து வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியாக மாலை ஐந்து மணிக்கு. சாப்பாட்டுக்கு அவரவர் தட்டு கொண்டு வரவும்.